ஒத்தி வீடும் உன் பாண்டும்

அன்புள்ள கார்த்தி,

இப்படி உட்கார்ந்து கடிதம் எழுதுவதற்கு முதலில் என்னைப் பொறுத்துக்கொள். தினமும் போனில் பேசுகிற அம்மாவுக்குத் தாளும் பேனாவும் எதற்கு என்று நீ சிரிப்பாய். போனில் நீ வேகமாகப் பேசுகிறாய். நான் ஒன்றை யோசித்து வாயைத் திறப்பதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விடுகிறாய். கடைசியில் "சரிப்பா, சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு எழும்பாது. எழுதச் சொன்னால் எப்படியோ எழுதிவிடுவேன். நம் இரண்டு குடும்பத்திலும் முதலில் பட்டம் வாங்கியவள் என்று உன் அப்பா வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார். அந்தப் பட்டமும் நீ தவழ்ந்துகொண்டிருந்த நாளில், அடுப்படித் தரையில் புத்தகத்தை விரித்து, அஞ்சல் வழியில் எழுதி வாங்கியதுதான். உனக்கும் எனக்கும் இருபது வயதுகூட வித்தியாசம் இல்லை. மகனுக்குப் புத்தி சொல்லும் வயது எனக்கு வந்துவிட்டதா என்று எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன். இதை வேறு யாருக்காவது காட்ட வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகக் காட்டு.

விஷயம் பேச்சி அக்காவைப் பற்றியது. போன மாதம் நீ ஊருக்கு வந்தபோது ஐந்தருவியில் அவருடைய பழக்கடைக்குப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாய். கடன் பத்திரம் விற்கிற உன் புது வேலையைப் பற்றிச் சொன்னாய், செல்போனைக் காட்டினாய், அவர் பிளந்து கொடுத்த மங்குஸ்தானைத் தின்றாய். எல்லாம் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. வேலைக்குச் சேர்ந்த கையோடு பழைய தெருக்காரரைத் தேடிப் போகிற பிள்ளை எத்தனை பேருக்கு வாய்க்கும்? நீ சென்னைக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் போனேன். அருவியில் தண்ணீர் அதிகம் என்று குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். கூட்டம் இல்லை. அக்கா ரம்புட்டான் குவியலுக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"ஏட்டி, ஒம்மவன் ஒரு பாண்டு சொன்னாம்லா, அதுல போடட்டுமா?"

"அவன் என்னக்கா சொன்னான்?"

"பேங்க் மாதிரிதான் பெரியம்மா, வட்டி மட்டும் டபுளுன்னான். மாசா மாசம் கணக்குல விழுந்துருமாம். அவன் சின்னப்பய, ஆசையில சொல்லுவான். நீ படிச்சவ. நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு, போஸ்டாபீசுல உள்ளத அப்படியே எடுத்துருதேன்."

"அவன் அடுத்த வாரம் வருதான்க்கா. வரட்டும், பேசிக்கிடலாம்."

"என்னட்டி நீ, சரின்னும் சொல்ல மாட்டேங்க, வேண்டாம்னும் சொல்ல மாட்டேங்க. ஒங்கிட்டப் பேச்சு வாங்குதது பல்லு புடுங்குத மாதிரில்லா இருக்கு!"

சிரித்துக்கொண்டே ஒரு பை நிறையப் பழம் போட்டுக் கொடுத்தார். பஸ்ஸில் வரும்போது அந்தப் பை மடியில் கனத்தது. போஸ்டாபீசில் இருக்கிற அந்தப் பணம் எதுவென்று உனக்குத் தெரியும். அவர் வீட்டுக்காரர் விபத்தில் போனதற்குக் கோர்ட்டில் கிடைத்த இழப்பீடு அது. ஆனி, ஆடி, ஆவணி மூன்று மாதம் கடை ஓடும். மீதி மாதங்களில் அந்த வட்டிதான் அவருடைய அரிசி, பருப்பு, சர்க்கரை மாத்திரை எல்லாம். அவருக்கு வேறு வருமானம் கிடையாது, கேட்டு வாங்கப் பிள்ளையும் கிடையாது. உன்னைத்தான் பிள்ளை என்கிறார்.

நான் பாண்டு என்கிற கடன் பத்திரத்துக்கு எதிரி இல்லை. நீ முதலில் சொன்னபோது எனக்கும் ஆசை வந்தது. கடைசியாக இருந்த வீட்டின் ஒத்திப் பணம் திரும்பி வந்து வங்கியில் கிடக்கிறது, வீடு கட்ட இன்னும் சில வருஷம் ஆகும், அதுவரை நல்ல வட்டி வந்தால் கசக்குமா? அதனால்தான் நீ அனுப்பிய அந்தப் பெரிய ஆவணத்தை முழுக்கப் படித்தேன். கடையம் போகிற பஸ்ஸில் பாதி, அரிசி ஆலையில் கணக்கு வேலை முடிந்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மீதி. ஆலை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, ஐ.ஏ.எஸ். பரீட்சைக்கா?" என்று கேட்டார். புரியாத சொற்களை மறுபடி மறுபடி வாசித்தேன். ஒரு கட்டத்தில், இது நமக்குத் தெரிந்த ஒத்தி மாதிரிதானே என்று தோன்றியது. அதற்குப் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது.

யோசித்துப் பார். ஒத்திக்கு வீடு எடுப்பது என்றால் என்ன? வீட்டுக்காரருக்கு ஒரு மொத்தத் தொகை வேண்டும். நாம் கொடுக்கிறோம். அதற்குப் பதிலாக வாடகை இல்லாமல் குடியிருக்கிறோம். பேசிய வருஷம் முடிந்ததும் முழுத் தொகையும் திரும்ப வர வேண்டும். பாண்டும் அதுதான். நாம் கொடுக்கிற தொகைக்கு முகமதிப்பு என்று பெயர். ஒத்தியில் மிச்சமாகிற வாடகை, பாண்டில் வட்டியாக வருகிறது. அதைக் கூப்பன் என்கிறார்கள். பேசி வைத்த வருஷம் முடிகிற நாள்தான் முதிர்வு. வீட்டுக்காரர் இடத்தில் ஓர் அரசோ ஒரு கம்பெனியோ இருக்கிறது. இதில் முக்கியமானது ஒன்றுதான்: நாம் கடன் கொடுத்தவர்கள். ஒத்திக்கு இருப்பவர் அந்த வீட்டுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட மாட்டார். வாங்கியவருக்குத் திருப்பிக் கொடுக்கச் சக்தி இருக்கும்வரைதான் நம் பணம் நம்முடையது.

இதை நாம் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நீ இரண்டாம் வகுப்பு படித்தபோது தென்காசியில் ரயில்வே கேட் பக்கத்தில் இருந்தோமே, அந்தப் பச்சைக் கதவு வீடு உனக்கு நினைவிருக்கும். உன் அப்பா அதுவரை சேர்த்ததையெல்லாம் கொடுத்து எடுத்த ஒத்தி. வீட்டுக்கார அண்ணாச்சி ரொம்ப நல்லவர். பால் காய்ச்சின அன்றைக்கு வந்து உன் கையில் மிட்டாய் கொடுத்தார். வீட்டின் மேல் ஏதாவது லோன் இருக்கிறதா என்று அவரிடம் நாங்கள் கேட்கவில்லை. நம் ஊரில் யார் கேட்பார்கள்? அண்ணாச்சி என்று கூப்பிட்டு, அவர் வீட்டுக் காப்பியைக் குடித்துவிட்டு, "வில்லங்கம் போட்டுப் பாத்துக்கிடுதோம்" என்று சொன்னால் அவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. கேட்கிறவருக்குத்தான் முகம் சுருங்கும். மரியாதை கொடுத்தோம், அதையே உத்தரவாதம் என்று நினைத்துக்கொண்டோம்.

பேசிய வருஷம் முடிந்தது. குத்துக்கல்வலசையில் ஒரு மனை பார்த்து வைத்திருந்தோம். பணத்தைக் கேட்டதும் அண்ணாச்சி, "வீட்ல தான இருக்கீய, துட்டு எங்க போயிரும்? பேசாம இருங்கம்மா" என்றார். அப்பாவும், வாடகை இல்லாமல் இன்னும் கொஞ்ச நாள் இருந்தால் நமக்குத்தானே லாபம் என்றார். அடுத்த சித்திரையில் ஒரு காலை இரண்டு பேர் வந்து கதவில் ஒரு நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போனார்கள். நீதான் இங்கிலீஷ் மீடியம் ஆயிற்றே. வாசலில் நின்று ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, தெருவே கேட்கிற மாதிரி "பொ...செஸ்...ஷன்" என்று பெருமையாக வாசித்தாய். பக்கத்து வீட்டுக்காரர்கள் கைதட்டினார்கள். நான் கிட்டப் போய் முழுதாக வாசித்தேன். வங்கி அந்த வீட்டை எடுத்துக்கொள்ளப் போகிறது என்று அதில் எழுதியிருந்தது. நாம் ஒத்திக்கு வருவதற்கு முன்பே அண்ணாச்சி வீட்டை அடமானம் வைத்து, மகனை வெளிநாட்டுக்கு அனுப்பியிருக்கிறார். வீடு ஏலம் போனால் முதலில் வங்கிக்கு. மிச்சம் இருந்தால்தான் நமக்கு.

அன்றைக்கு உன் அப்பா சொன்னதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். "ஒத்திக்கு எடுத்தா வீட்டுக்காரன் மாதிரி இருக்கலாம்னாவ. இப்பம் வீட்டுக்காரனும் நாமளும் ஒண்ணாத் தெருவுல நிக்கோம்!"

நல்ல வேளையாக அந்த மகன் பணம் அனுப்பி வங்கிக் கடனை அடைத்தான். நம் பணமும் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் அதற்குள் குத்துக்கல்வலசையில் மனை விலை ஏறிப்போய், நாம் பார்த்து வைத்த மனையில் வேறு யாரோ வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் நடத்தினார்கள். நம்மையும் கூப்பிட்டார்கள், போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். பணம் முழுதாகத் திரும்பினாலும் அது வாங்குகிற பொருள் குறைந்துபோகும் என்பதை நான் அந்தப் பந்தியில்தான் தெரிந்துகொண்டேன். பணவீக்கம் என்று பரீட்சையில் எழுதி மார்க் வாங்கினவள்தான் நான்.

இப்போது உன் கம்பெனி விற்கிற பாண்டுக்கு வருகிறேன். வண்டி வாங்கக் கடன் கொடுக்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் பாண்டு அது. பிணை இல்லாதது என்று உள்ளே ஓர் இடத்தில் போட்டிருக்கிறது. அதாவது அந்த நிறுவனம் நொடித்தால், சொத்தைப் பிணையாக வாங்கி வைத்திருக்கும் வங்கிகள் முன்வரிசையில் நிற்கும். பச்சைக் கதவு வீட்டில் நாம் நின்ற இடத்தில் இந்தப் பாண்டை வாங்கியவர்கள் நிற்பார்கள். கடனைத் திருப்பிக் கட்டும் தகுதிக்குப் போடுகிற தரமதிப்பீடு, முதலீடு செய்யலாம் என்கிற வகையிலேயே கடைசிப் படியில் இருக்கிறது. ஒரு படி இறங்கினால் அந்த வகையிலேயே இல்லை. வட்டி ஏன் இரட்டிப்பாக இருக்கிறது என்று அக்காவுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். நல்ல பேர் உள்ளவர் கேட்டால் ஊரில் குறைந்த வட்டிக்கே கடன் கிடைக்கும். கூடுதல் வட்டி கொடுக்கிறார் என்றால், குறைந்த வட்டிக்கு அவருக்குக் கொடுக்க ஆள் இல்லை என்று அர்த்தம். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அந்த நிறுவனம் ஒழுங்காகக் கட்டிவிடலாம், கட்டத்தான் அதிக வாய்ப்பு. ஆனால் வங்கி டெபாசிட்டுக்கு ஒரு வரம்புவரை காப்பீடு இருக்கிறது. இதற்கு இல்லை. அந்த ஒரு வித்தியாசத்திலேயே "பேங்க் மாதிரிதான்" என்கிற பேச்சு அடிபட்டுப் போகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. அக்காவுக்கு நடுவில் உடம்புக்கு முடியாமல் போய்ப் பணம் தேவைப்பட்டால்? "வித்துக்கிடலாம்மா, மார்க்கெட் இருக்கு" என்று போனில் சொன்னாய். ஒத்தி வீட்டிலிருந்து நடுவில் கிளம்ப வேண்டும் என்றால், நம் இடத்துக்கு வர வேறோர் ஆளை நாம்தான் தேட வேண்டும். அதே தொகைக்கு அடுத்த தெருவில் மாடி வீடு ஒத்திக்குக் கிடைக்கிறது என்றால், நம் ஓட்டு வீட்டுக்கு யார் வருவார்? தொகையைக் குறைத்துக்கொண்டால்தான் வருவார்கள். பாண்டும் அப்படியே. வெளியில் வட்டி ஏறினால், குறைந்த வட்டி தருகிற பழைய பாண்டின் விலை இறங்கும். வெளியில் வட்டி இறங்கினால் நம்முடையதற்கு மவுசு கூடும். முதிர்வு தூரத்தில் இருக்க இருக்க இந்த ஏற்ற இறக்கமும் அதிகம். முதிர்வுவரை வைத்திருப்பவருக்கு இதில் கவலை இல்லை. சின்ன நிறுவனத்தின் பாண்டுக்குச் சில நேரம் விலையைக் குறைத்தாலும் ஆள் கிடைக்காது. மருந்துக் கடையில் பாண்டை நீட்ட முடியாது, கார்த்தி. அதோடு, நிறுவனம் விரும்பினால் முன்கூட்டியே பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்றும் அதில் ஒரு விதி இருக்கிறது. வட்டி இறங்கிய காலத்தில் அப்படிச் செய்வார்கள். அதே ஒத்தித் தொகைக்கு இன்னும் சின்ன வீடாகத் தேடுகிற அலைச்சல் அப்போது நமக்கு.

இதையெல்லாம் சொன்னால் நீ சட்டென்று, "ரிஸ்க் எல்லாத்துலயுந்தாம்மா இருக்கு, ரோட்டுல நடந்தாலும் ரிஸ்க்தான்" என்பாய். சரிதான். அதனால்தான் நம் பணத்துக்கு நான் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். உன் அப்பாவும் தலையாட்டிவிட்டார். அவர் முழுக்கக் கேட்டாரா என்று தெரியாது, வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தலையாட்டினார். பெரும்பங்கை மத்திய அரசின் கடன் பத்திரத்தில் போடுகிறோம். இப்போது நம்மைப் போன்றவர்களும் அதை நேரடியாக வாங்கலாமாம். நாம் வீடு கட்ட நினைக்கிற வருஷத்தில் முதிர்கிற மாதிரி பார்த்து எடுத்துக் கொடு. வட்டி குறைவுதான், ஆனால் கடன் வாங்கியது அரசு. விலை ஏறி இறங்கும் என்பது மட்டும் அதற்கும் உண்டு, முதிர்வுவரை நாம் விற்கப் போவதில்லை. இன்னொரு பங்கை, சொத்துப் பிணையோடு, மேல்படித் தரமதிப்பீட்டில் இருக்கிற ஏதாவது பொதுத்துறை நிறுவனத்தின் பாண்டில் போடலாம். இடையில் வட்டியே கொடுக்காமல், குறைந்த விலைக்கு விற்று முடிவில் முழுத்தொகை தருகிற வகையும் இருக்கிறது என்று படித்தேன். அது இப்போதைக்கு வேண்டாம், வட்டி கணக்கில் விழுவதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மீதி ஒரு சின்னப் பங்கு, போனால் அழாமல் இருக்க முடிகிற அளவு, உன் பாண்டில். எல்லாம் தெரிந்துதான் போடுகிறேன், உனக்காகவும்தான் போடுகிறேன். உன் டார்கெட்டில் அம்மாவின் பேரும் ஒன்று இருக்கட்டும்.

ஆனால் அக்காவிடம் அப்படிப் பிரித்துப் போடப் பங்குகள் இல்லை. அவரிடம் இருப்பதே அந்த ஒன்றுதான். வட்டி ஓரிரு மாதம் நின்றாலே அவர் அடுப்பு நின்றுபோகும். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு மேலே இருந்து எவ்வளவு நெருக்குவார்கள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. போனை வைத்த பிறகு நீ விடுகிற பெருமூச்சுகூட சில நேரம் கேட்கும், லைன் கட்டாகியிருக்காது. நீ ஏமாற்ற நினைத்துச் சொன்னாய் என்று நான் ஒரு நொடிகூட நினைக்கவில்லை. சின்ன வயதிலிருந்தே யாருக்காவது நல்லது செய்ய வேண்டும் என்றால் உனக்கு அவசரம் வந்துவிடும். அந்த அவசரத்தில் "மாதிரிதான்" என்று ஒரு சொல் வந்து விழுந்துவிட்டது.

நான் போய் "வேண்டாம்க்கா" என்று சொன்னால் காரியம் ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். அவர் மறுபேச்சு பேச மாட்டார். எத்தனையோ முறை செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியும் விட்டேன். ஆனால் நான் சொல்லிவிட்டால் அன்றோடு அவருக்கு நீ, அம்மா வந்து திருத்த வேண்டியிருந்த பிள்ளையாகிவிடுவாய். அடுத்த முறை நீ கடைக்குப் போனாலும் பழம் பிளந்து கொடுப்பார், ஸ்டூலை இழுத்துப் போடுவார். உன் பேச்சை மட்டும் ஒரு பக்கமாக வைத்துவிடுவார். அது எனக்கு வேண்டாம். அதனால்தான் அக்கா பல்லைப் பிடுங்குகிற மாதிரி கேட்டும், சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லாமல் வந்தேன்.

இவ்வளவு நேரம் தள்ளிக்கொண்டே வந்ததை இப்போது கேட்கிறேன். ஊருக்கு வந்ததும் நீ ஐந்தருவிக்குப் போ. என்னைக் கூப்பிடாதே, அப்பாவையும் கூப்பிடாதே. கையில் எந்தத் தாளையும் எடுத்துக்கொண்டு போகாதே. வட்டியைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, நீயாகவே, "இது பேங்க் மாதிரி இல்ல பெரியம்மா, துட்டு திரும்பி வராமலும் போகலாம்" என்று சொல். உன் கம்பெனியில் சொல்லிக் கொடுத்த தமிழில் வேண்டாம், நம் வீட்டில் பேசுகிற மாதிரி சொல். பணம் போஸ்டாபீசிலேயே இருக்கட்டும் என்பதையும் நீயே சொல். அவர், "ஏம்லே, இத அன்னைக்கே சொல்லலை?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லாமல் மட்டும் எழுந்து வந்துவிடாதே.

அன்புடன்,
அம்மா